கோழியின் பக்கம் உட்கார்ந்தவள்

மே 4, திங்கள்

இன்று முதல் நான் குழந்தைகளுக்குக் காவல். கல்லூரியில் கோடை முகாம். அக்கம்பக்கத்துக் குழந்தைகள், ஐந்திலிருந்து ஏழு வயதுவரை. தலைப்பு 'நம்மைச் சுற்றியுள்ள பாலூட்டிகள்'. இடம், என் பொறுப்பில் இருக்கும் விலங்கியல் அருங்காட்சியகம். துறைத் தலைவர் பரந்தாமன் வராந்தாவில் என்னை நிறுத்தி, "சிவசைலம், நீங்க சும்மாதானே இருக்கீங்க, பார்த்துக்குங்க" என்றார். பெருச்சாளியின் தாய்மை நடத்தையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் சும்மா இருக்கிறேன். அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஓடும் எலிகள் யாருடையவை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலி அவருக்கு. சாவிக்கொத்து எனக்கு.

பாடம் நடத்த ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார்கள். ஜெசிந்தா. ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. முப்பது வயது இருக்கலாம். இரண்டு சாக்குப் பைகளோடு வந்து இறங்கினார். உள்ளே உடைந்த குடை, வனஸ்பதிப் பொட்டலங்கள், உறிஞ்சுகுழல் கட்டு, புனல், ரப்பர் குழாய். பழைய சாமான் கடைக்காரர்கூட இவ்வளவு உற்சாகமாக வரமாட்டார்.

"சார், கண்ணாடி அலமாரி எல்லாத்தையும் திறக்கணும்."

"முடியாது. தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எழுதுனது யாரு சார்?"

"நான்தான்."

"அப்பச் சரி. அழிக்கிறதுக்கு வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

பதில் யோசிப்பதற்குள் பஞ்சடைத்த நரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை.

மே 5, செவ்வாய்

வனஸ்பதி எதற்கு என்று இன்று தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வனஸ்பதியை அப்பி, அதற்குள் இன்னொரு பையைச் சொருகி, கையுறைபோல ஆக்கியிருந்தார். வாளியில் ஐஸ் தண்ணீர். ஒரு கை வெறுமனே, மறு கை கையுறைக்குள். குழந்தைகள் வரிசையாக வந்து கையை விட்டுக் கத்தினார்கள். ஜெசிந்தா வாயே திறக்கவில்லை. கடைசியில், "ஏன்டா இந்தக் கை மட்டும் கத்தல?" என்று கேட்டார். கொழுப்பு, குளிர், கடலுக்குள் வாழும் உடம்பு எல்லாவற்றையும் அவர்களே ஒருவரை ஒருவர் மறித்துச் சொல்லி முடித்தார்கள். நான் இதே பாடத்தை இளங்கலை மாணவர்களுக்கு முக்கால் மணி நேரம் நடத்தியிருக்கிறேன். யாரும் கத்தியதில்லை.

ஒரு சிறுமி மட்டும் கையை எடுக்கவே இல்லை. தர்ஷிகா. முன்பற்கள் விழுந்த வாய். அவள் அப்பா சுமை ஆட்டோவில் மீன் ஏற்றுபவர்.

"ஆவுளியாவுக்கும் இப்படித்தான் இருக்குமா மிஸ்?"

கடற்பசுவை இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். என் மேசைமேல் அதன் மண்டையோடு இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். அவள் அதன் மூக்குத் துவாரத்தில் விரலை விட்டாள். தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை.

போகும்போது கையுறையைக் கேட்டாள். "எங்கப்பா ஐஸுக்குள்ளயே கைய விட்டுட்டு இருப்பாங்க."

ஜெசிந்தா புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்.

மே 6, புதன்

மின்வெட்டு. வெயில். நரியின் காதை யாரோ திருகியிருக்கிறார்கள்.

மே 7, வியாழன்

உடைந்த குடைதான் வௌவால். கம்பிகள் விரல்கள், துணி சவ்வு. ஒவ்வொரு குழந்தையும் தன் கையைக் குடைக்கம்பியோடு வைத்து, இது சுண்டுவிரல், இது நடுவிரல் என்று எண்ணிப் பார்த்தது. வௌவால் இறக்கையில் இருப்பது கை என்பது எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. இவர்களுக்கு ஆறு வயதில், பத்து நிமிடத்தில்.

ஆனால், "வௌவாலுக்குக் கண்ணு தெரியாது" என்றார் ஜெசிந்தா. சும்மா இருக்க முடியவில்லை. "தவறு. தெரியும்" என்றேன், எல்லார் முன்னாலும். பரந்தாமனாக இருந்தால் ஆறு மாதம் என்னோடு பேசமாட்டார். இவர் குழந்தைகளைப் பார்த்து, "சார் சொல்றதுதான் சரி. மிஸ் தப்பாச் சொல்லிட்டேன். ஆளுக்கொரு கொட்டு வைங்க" என்று தலையைக் குனிந்து நின்றார். வரிசையில் நின்று கொட்டினார்கள். பிறகு கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சார், கண்ணு எப்படித் தெரியும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கேட்டார்கள். நன்றாகத்தான் கேட்டார்கள்.

மே 8, வெள்ளி

வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தாவோடு ஒரு விவாதம். முடி, உடம்புச் சூடு, மூச்சு என்று அவர் எல்லாவற்றையும் கலந்து போகிறார். கோழிக்கும் உடம்பு சூடு, கம்பளிப்பூச்சிக்கும் முடிபோல ஏதோ இருக்கிறது. எது பாலூட்டி என்று பிரிக்க ஒரே ஒரு விதி வேண்டும் என்றேன். தாய்ப்பால்.

"ஒண்ணே ஒண்ணுன்னு வச்சா எங்கயாவது இடிக்கும் சார்."

"அறிவியல்ல இடிக்காது."

நானே அட்டை வெட்டி எழுதினேன். 'தாயிடம் பால் குடித்தவர் உள்ளே.' என் கையெழுத்தை அவர் பாராட்டினார். பரந்தாமனின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும்.

மாப்பிள்ளையிடமிருந்து குறுஞ்செய்தி. கோயம்புத்தூரில் அகல்யாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். நல்லது. அவள் பெரியம்மா மங்கையர்க்கரசி அருகில் இருப்பார், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். என் மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் அவரும் அவர் கணவரும்தானே பெற்றோர்? என் பெயர் கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு அடியில், சித்தப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் நடுவில். தாலி கட்டியதும் கிளம்பி வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. யாராவது கவனித்தார்களா என்று தெரியாது.

பதில் அனுப்பவில்லை.

மே 11, திங்கள்

தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம். அதன் விளிம்பில் என் அட்டை. குழந்தைகள் ஒவ்வொரு பொம்மையாகத் தூக்கிவந்து முடிவு செய்தார்கள். முயல் உள்ளே. கீரி உள்ளே. ஆவுளியா மண்டையோடு உள்ளே. பஞ்சடைத்த கோழியும் உடும்பும் வெளியே. ஒரு தவறும் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"இப்ப நீங்க?" என்றார் ஜெசிந்தா.

ஒவ்வொருவராக "நான் எங்கம்மாகிட்ட பால் குடிச்சேன்!" என்று கத்திக்கொண்டு உள்ளே குதித்தார்கள். தர்ஷிகாவின் முறை வந்தது. கோட்டருகே வந்து நின்றாள். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நான் குடிக்கல மிஸ். எங்கம்மா நான் பொறந்ததும் செத்துட்டாங்க. எனக்கு டின் பால்."

"டின் பாலும் பால்தான்டா கண்ணு."

"அது மாட்டுப் பாலு. இதுல தாயிடம்னு போட்டிருக்கு."

"அப்ப நீ கோழி!" என்றான் ரித்திக். பரந்தாமனின் பேரன். சில குணங்கள் தலைமுறை தாண்டி வரும். மற்றவர்கள் சிரித்தார்கள். தர்ஷிகா அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய்க் கோழிக்கும் உடும்புக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வாதத்தில் ஒரு பிழையும் இல்லை. என் அட்டையைத்தான் வாசித்தாள்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க சார்." சொல்ல ஆயிரம் இருக்கிறது. சுரப்பிகள் இருக்கின்றன, இனம் என்றால் என்ன, தனி உயிர் என்றால் என்ன என்றெல்லாம். நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அலமாரிகளைப் பூட்டப் போனேன். தூசி படியக் கூடாது.

மே 12, செவ்வாய்

மூச்சுப் பாடம். எவர்சில்வர் தட்டில் ஊதினால் பனி படியும். தட்டு தன்னிடம் வந்ததும் தர்ஷிகா பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள். "இது உங்களுக்கு."

"உனக்கும்தான்டா" என்று ஜெசிந்தா மடியில் இழுத்து உட்காரவைத்தார். வைத்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு கோழியிடம் போய்விட்டாள். ரித்திக் கொக்கரித்துக் காட்டினான். ஜெசிந்தா அவனை அதட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ மெதுவாகப் பேசினார். அவன் முகம் சிறுத்துப்போயிற்று. ஆனாலும் பேச்சு வெளியே பரவியாயிற்று. இடைவேளையில் வேறு இரண்டு பேர் கொக்கரித்தார்கள்.

தர்ஷிகா தன் கைக்குட்டையைக் கோழிமேல் போர்த்தினாள். "குளுருது இதுக்கு" என்றாள் என்னிடம், மன்னிப்புக் கேட்பதுபோல.

எல்லாரும் போன பிறகு அட்டையைக் கழற்றினேன்.

"அட்டையைக் காணோமே சார்?"

"காற்று" என்றேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தார்.

மே 13, புதன்

தர்ஷிகா வரவில்லை.

மே 14, வியாழன்

இன்றும் வரவில்லை. ஜெசிந்தா அவள் வீட்டுக்குப் போகக் கிளம்பினார். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது, சேர்ந்து போனேன்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அப்பா முனியராஜ் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடினார். இருந்தது ஒன்றுதான். எனக்குப் போட்டார். ஜெசிந்தா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு எங்க மேலதாண்ணே" என்றார் ஜெசிந்தா.

"அட, கோவமெல்லாம் இல்ல டீச்சர். புள்ளைங்க கேலி பண்ணத்தான் செய்யும். ஆனா இவ வந்து என்னையக் கேக்குறா, 'யப்பா, நான் முட்டையில இருந்தா வந்தேன்'னு. நான் என்னத்தச் சொல்ல? அவ அம்மாவப் பத்தி நான் பேசுறதே இல்ல. பேசுனா வண்டி ஓட்ட முடியல. அதான், முகாமே வேணாம், வீட்ல இருக்கட்டும்னு வச்சுட்டேன்."

"ஸ்கூல் தொறந்தாலும் இதே பிள்ளைங்கதானே வரும்ணே? அங்கயும் போய் ஓரமா உக்காந்துக்குவாளே."

தர்ஷிகா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். என்னிடம்தான் கேட்டாள்.

"கோழி நல்லாருக்கா சார்?"

"இருக்கு."

"தனியாவா இருக்கு?"

உடும்பு கூட இருக்கிறது என்றேன். திருப்தியானாள். எங்களுக்குக் கொடுக்க அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எட்டி எடுத்தாள். சட்டை மேலேறியபோது அரைஞாணில் ஒரு வெள்ளித் தாயத்து தெரிந்தது. கறுத்துப் போயிருந்தது. அதே தட்டில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா, உள்ளே சீப்பும் ஊசிநூலும். அந்த டப்பாவை எந்தப் பக்கம் நெம்பினால் விளிம்பு கையைக் கிழிக்காது என்பது எனக்குத் தெரியும். மூன்று கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஆறவேண்டும், மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் எப்படிச் சுடவேண்டும் என்பதும்.

திரும்பும் வழியில் ஜெசிந்தா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். "அவள எப்படி சார் உள்ள கொண்டு வர்றது? முகாம் முடியறதுக்குள்ள அவளாக் காலெடுத்து வைக்கணும். நாம தூக்கிட்டுப் போய் வச்சா திரும்ப வெளிய போயிடுவா" என்றார். பேருந்து நிலையம்வரை அதையேதான் பேசினார்.

மே 15, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 16, சனி

மேசை இழுப்பறையில் பூதக்கண்ணாடியைத் தேடும்போது ஒரு பழைய தாயத்து கையில் பட்டது. எடுத்துப் பார்த்தேன்.

பிரசவத்தோடு என் மனைவி சரசு போன பிறகு அகல்யாவை இரண்டரை வருடம் வளர்த்தது நான். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்துவைத்து, ஆசாரியிடம் கொடுத்துத் தாயத்தில் அடைத்து, இடுப்பில் கட்டியது நான். சரசுவின் அக்கா மங்கையர்க்கரசி, "ஆம்பளை ஒருத்தர் பொம்பளைப் பிள்ளையை வச்சு என்ன பண்ணுவீங்க" என்று தூக்கிக்கொண்டு போனபோது கயிறு இறுகியிருந்தது. கயிற்றை அறுத்துத் தாயத்தை நான் வைத்துக்கொண்டேன். பிறகு பலமுறை கேட்டார். கொடுக்கவில்லை. பிள்ளை அவரை அம்மா என்று கூப்பிடுகிறது. இதுவும் எதற்கு?

பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை.

மே 18, திங்கள்

காலையில் ஜெசிந்தாவிடம் கேட்டேன், குட்டி போட்டுச் சில நாட்களே ஆன ஆடு ஒன்று கொண்டுவர முடியுமா என்று.

"எதுக்கு சார்?"

"தொப்புள்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார், தாவணி போட்ட பெண்போல. நான் ஒரு வார்த்தைதான் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அதிலிருந்து ஒரு பாடம் முழுவதையும் கட்டிவிட்டார். ரப்பர் குழாயை எடுத்தார், ரோஸ்மில்க் வாங்கி வந்தார், பழைய சேலை ஒன்றைக் கூடாரம்போலத் தைத்தார். இப்படி ஒருவர் எனக்கு ஆறு வயதில் கிடைத்திருந்தால் நான் பரந்தாமனைப் பற்றி யோசித்துக்கொண்டு இருபது வருடம் உட்கார்ந்திருப்பேனா?

ஒரு யோசனையை மட்டும் மறுத்தேன். ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் பாலூட்டிகள் உண்டு, அவற்றுக்கு இந்தத் தொப்புள் விதி பொருந்தாது என்று கீழே ஒரு குறிப்பு எழுதலாமா என்று கேட்டார். "வேண்டாம். அதுங்க இங்க வரப்போறதில்ல" என்றேன். அவர் சிரித்தபோதுதான், அறிவியலில் இடிக்காது என்று சொன்னவன் நான் என்பது எனக்கே உறைத்தது.

மாலையில் மீன் சந்தைக்குப் போனேன். முனியராஜ் வனஸ்பதிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வழுக்குது சார். ஆனா வீட்டுக்குப் போனதும் கேப்பா, போட்டீங்களான்னு."

"நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் இருக்கணும்."

"லோடு இருக்கு சார்."

"அவ இடுப்புல கட்டியிருக்கிற தாயத்துக்குள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா?"

அவர் கை ஐஸுக்குள்ளேயே நின்றது. "தெரியாது சார். சாமின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நாளைக்கு நீங்கதான் சொல்லணும். நான் சொல்லக்கூடாது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மே 19, செவ்வாய்

ஆடு வந்தது. வந்தவுடன் 'தொடாதீர்கள்' பலகையின் ஒரு மூலையைத் தின்றது. ஜெசிந்தா என்னைப் பார்க்காமல் சிரித்தார்.

குட்டியின் வயிற்றில் காய்ந்த கொடி, கருப்பு நூல்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் மண்டியிட்டு, ஒவ்வொருவராக ஒரு விரலால் தொட்டார்கள். "வலிக்குமா மிஸ்?" "வாலா மிஸ் இது?" "வயித்துல எதுக்கு வாலு?" ஜெசிந்தா பதிலுக்கு, சேலைக் கூடாரத்துக்குள் ரித்திக்கைச் சுருண்டு படுக்கச் சொன்னார். அவன் குட்டி. வெளியே இன்னொரு பெண், அம்மா ஆடு. இருவருக்கும் நடுவில் ரப்பர் குழாய். அம்மா ஆடு புனலில் ரோஸ்மில்க் ஊற்ற, கூடாரத்துக்குள்ளிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உள்ள இருக்கறப்ப வாய்ல குடிக்க முடியாது. அப்ப எது வழியாடா சாப்பாடு போகும்?"

முதலில் ஒருவன் தன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு எல்லாரும். அருங்காட்சியகம் முழுக்கத் தொப்புள். ஆழமானது, மேடானது, எண்ணெய் வைத்தது, அழுக்கு நிறைந்தது. ஓடிப்போய்க் கோழியின் இறகை விலக்கித் தேடினார்கள். உடும்பைப் புரட்டினார்கள். இல்லை. (குஞ்சு பொரித்த புதிதில் கோழிக்கும் ஒரு தழும்பு உண்டு, சில நாளில் மறைந்துவிடும். நான் வாயைத் திறக்கவில்லை.)

வாசலில் முனியராஜ் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தர்ஷிகா அவர் காலுக்குப் பின்னால். அவள் பார்வை ஆட்டுக்குட்டியின் வயிற்றில் இருந்தது. மெதுவாகச் சட்டையைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள்.

"யப்பா, எனக்கும் இருக்கு."

"இருக்கும்ல."

"அப்ப நான் முட்டையில இல்லையா?"

முனியராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரிய உடம்பு. தாயத்தை இரண்டு விரலால் பிடித்தார். பேச்சு வர நேரமாயிற்று. எங்களில் யாரும் அவருக்கு உதவவில்லை. ஆடுமட்டும் கத்தியது.

"இதுக்குள்ள சாமி இல்ல தாயி. அந்தக் குட்டிக்குத் தொங்குதுல்ல, அந்த மாதிரி உன் கொடி இருக்கு. உங்கம்மா வயித்துக்குள்ள நீ இருந்தப்ப அவ சாப்பிட்ட சோறெல்லாம் இது வழியாத்தான் உனக்கு வந்துச்சு. அவளுக்கு நெத்திலிக் கருவாடுன்னா உசுரு. நீயும் அதான் கேக்குற." மூக்கை உறிஞ்சினார். "பால் குடுக்க அவளுக்கு நாள் இல்ல. அதுக்கு முன்னாடி பத்து மாசம் குடுத்தா."

தர்ஷிகா தாயத்தைக் காதுவரை இழுக்கப் பார்த்தாள். கயிறு எட்டவில்லை. உட்கார்ந்து, உடம்பை வளைத்து, எப்படியோ காதருகே கொண்டுபோய் ஆட்டினாள்.

"சத்தம் கேக்குது!"

அவ்வளவுதான். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். "எனக்குடி", "எனக்கு ஒருதடவ" என்று வரிசை. ரித்திக் கூடாரத்திலிருந்து ரோஸ்மில்க் வழியும் வாயோடு வந்து, "எனக்குத் தாயத்தே இல்ல மிஸ்" என்று அழத் தொடங்கினான். தர்ஷிகா அவனையும் கேட்கவிட்டாள். கடைசி ஆளாக.

சுண்ணாம்பு வட்டம் இன்னும் தரையில் இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஜெசிந்தா முதுகைத் திருப்பிக்கொண்டு குழாயைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார். அந்த முதுகைப் போன்ற ஒரு முதுகை நான் எந்தப் பேராசிரியரிடமும் பார்த்ததில்லை. தர்ஷிகா கோழியிடம் போனாள். கைக்குட்டையைச் சரியாகப் போர்த்தினாள்.

"உனக்கு இல்ல. நீ இங்கயே இரு. நான் வந்து வந்து பாக்குறேன்."

பிறகு இரண்டு காலையும் சேர்த்து வட்டத்துக்குள் குதித்தாள்.

முனியராஜ் வெளியே போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நானும் போனேன். அவர் தோளில் கை வைத்தேனா என்று நினைவில்லை. மீன் வாசனை இப்போதும் என் கையில் இருக்கிறது.

மே 20, புதன்

பரந்தாமன் வந்து, "ஆட்டையெல்லாம் உள்ள விட்டீங்களாமே?" என்றார். "அடுத்த வருஷமும் விடுவோம். இந்தம்மாதான் வரணும், எழுதிக் கொடுக்கிறேன்" என்றேன். என்னவோ சொல்ல வந்தார், போய்விட்டார். ஜெசிந்தா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. தேநீர் வாங்கிக் கொடுத்தார். இஞ்சி அதிகம்.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு. கைபேசி கையிலேயே இருந்ததால் எடுக்கும்படி ஆகிவிட்டது.

"அப்பா?" என்றாள் அகல்யா. நான் எடுப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பின்னால் குழந்தை அழுதது. நல்ல நுரையீரல்.

"கொடி விழுந்துடுச்சுப்பா, இன்னிக்குக் காலையில. தாயத்து செய்யணும்னு அம்மா சொல்றாங்க. எனக்குச் செஞ்சது எங்கன்னே தெரியலையாம்."

"எங்கிட்ட இருக்கு" என்றேன்.

கோயம்புத்தூரில் பழைய எலும்புக்கூடுகள் விற்கும் ஒருவரைப் பார்க்கவேண்டிய வேலை நெடுநாளாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். தாயத்தைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய்விட்டது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

கேட்கிறது.